மூன்றாம் கூண்டு

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் பிசினக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

எல்லாம் வெண்டைக்காயால் வந்தது. காய்ந்த காயை வெந்நீரில் போட்டு, துணியில் வடித்து, அந்தக் கொழகொழப்பில் ஸ்பிரிட்டை ஊற்றுவாள். அவசரப்பட்டால் கட்டி தட்டிவிடும். பதமாக ஊற்றினால் பஞ்சுநூல் போல வெள்ளையாகத் திரண்டு வரும். அதை உலர்த்திப் பொடித்துக் கொடுப்பதுதான் வேலை. ஊதா நிறக் கரைசலில் அந்தப் பொடியைப் போட்டால் ஊதா வெளுத்து மஞ்சளாகும். உடம்பைத் துருப்பிடிக்க வைக்கிற சங்கதிகளைப் பொடி அடக்குகிறது என்று அதற்கு அர்த்தம். மஞ்சளைக் கண்டால் அங்கே எல்லோர் முகமும் மலரும்.

வீட்டிலும் ஒரு மஞ்சள் வந்தது, அவள் புருஷன் கண்ணில். கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவன். பாதி ஆயுளைத் தின்னர் நெடியில் கழித்தவன். மூக்கைத் துணியால் மூடச் சொன்னால், "மாப்பிள்ளைக்கு எதுக்குடி முக்காடு?" என்பான். ஈரல் கெட்டுக் கல்லாகிவிட்டது, இருக்கிறவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கூடத்தில் மூன்று கூண்டு எலிகள். முதல் கூண்டுக்கு வெறும் தண்ணீர். இரண்டாவதுக்கு ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. மூன்றாவதுக்குப் பொடியும் நஞ்சும். நஞ்சுப் பாட்டிலைத் திறந்தால் புருஷன் சட்டையின் நெடி அடிக்கும். மூன்றாம் கூண்டு எலிகளின் ஈரல் அவ்வளவாகக் கெடவில்லை.

"ஈரலைக் காக்குதுக்கா" என்றாள் ஆராய்ச்சிக்காரப் பெண்.

பிசினக்கா வீட்டுக்கு வந்து புருஷனிடம், "காப்பாத்துமாம்" என்றாள். வழியில் ஒரு சொல் பிசகிவிட்டது.

அன்றிலிருந்து அடுப்படியிலும் வெண்டைக்காய் வெந்து, ஸ்பிரிட்டில் திரண்டு, பொடியானது. பார்க்க வந்த நாத்தனார், எலிக்குப் போடுவதையா எங்கள் அண்ணனுக்குப் போடுகிறாய் என்று நொடித்தாள்.

"விடும்மா. இவ கையால எலிங்கதான் நல்லாருக்கு. நானும் எலியாயிட்டுப் போறேன்" என்றான் அவன். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "நான் எந்தக் கூண்டுடி?"

"மூணாவது."

தினமும் இதே கேள்வி, இதே பதில். சிரித்துக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்வான். சில நாள் நன்றாகக்கூடச் சாப்பிட்டான். அப்புறம் வயிறு உப்பியது, கால் வீங்கியது, கண்ணின் மஞ்சள் முற்றியது.

ஒரு மத்தியானம் வடிதுணியை அலசிக்கொண்டே, யாருக்கோ கேட்பதுபோல அந்தப் பெண்ணிடம் கேட்டாள்: "நஞ்சு மொதல்ல போயி, ஈரல் கெட்டப்புறம் பொடியைக் குடுத்தா என்னம்மா ஆகும்?"

அந்தப் பெண் தலையைத் தூக்கவில்லை. "போன வருஷம் அப்படியும் பாத்தோமேக்கா. ஒண்ணுகூடப் பொழைக்கல. அந்தக் கூண்டைக் கழுவி வச்சதே நீங்கதானே."

கழுவியது நினைவிருந்தது. மூன்றாம் கூண்டுக்கு முதலில் பொடி, பல நாள் கழித்தே நஞ்சு. அதையும் ஊட்டியது இதே கைதான். வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள். வெள்ளம் வாரிக்கொண்டு போன இடத்தில் உட்கார்ந்து அவள் மண்ணைக் குழைத்துக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் வீட்டில் வழக்கம்போல ஸ்பிரிட்டை ஊற்றினாள். ஒரே மூச்சில் ஊற்றிவிட்டாள். உலர்ந்ததைப் பொடித்து, நீரில் கரைத்து நீட்டினாள். அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. முதுகுக்குக் கை கொடுத்தாள்.

"என்னடி, கட்டி தட்டியிருக்கு?"

"கை அவசரப்பட்டுடுச்சு."

அவன் அவள் கையைப் பார்த்தான். "நான் எந்தக் கூண்டு?"

"மூணாவதுதான்" என்றாள், சுவரைப் பார்த்து.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. கட்டியோடு கடைசிவரை குடித்துவிட்டு, வாயைத் துடைத்துவிடச் சொல்லி முகத்தை நீட்டினான்.