நாற்பத்தொரு சிவப்புச் சீட்டுகள்

துப்பாக்கி ஆலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. நோகோ அக்கா, அவ்வளவுதான்.

ரைஃபிள் குழலின் துளையை அளக்க அவளிடம் கேஜ் என்கிற இரண்டு எஃகுத் தண்டுகள் உண்டு. ஒன்று வழுக்கிக்கொண்டு உள்ளே போக வேண்டும், அது ‘கோ’. இன்னொன்று ஒரு மயிரிழை பருமன் அதிகம். வாசலிலேயே நின்றுவிட வேண்டும். அது ‘நோகோ’. அதுவும் உள்ளே போனால் துளை அகலம், குழல் வீண். சிவப்புச் சீட்டு எழுதிக் கட்டி ஓரமாய்ச் சாய்த்துவிட வேண்டியதுதான். இருபத்தாறு வருஷமாக அதே ஸ்டூல், அதே ஜன்னல், அதே முதுகுவலி.

இந்த இரண்டு வாரமாக நோகோ உள்ளே போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தொரு குழல்கள், நாற்பத்தொரு சீட்டுகள், எல்லாவற்றிலும் அவள் கையெழுத்து. ஆலையில் குழலுக்குக் கடைசி மெருகு ஏற்ற இருப்பது ஒரே மெஷின். அந்த மெஷின்காரன் அவளுடைய கொழுந்தன். ஒரே வீடு, ஒரே அடுப்பு.

“அண்ணி, மூணு தடவை அளந்துட்டுத்தான் அனுப்புறேன். எனக்குச் சரியா வருது, உங்ககிட்ட வந்தா மட்டும் பெருசாயிடுதா? வர்ற வழியில சாப்பிட்டுட்டு வருதா பேரலு?”

“என் கேஜ் பொய் சொல்லாதுப்பா.”

“அப்ப நான் பொய் சொல்றேன்.”

அவள் அடுத்த குழலை எடுத்தாள். வாக்குவாதம் பண்ணவும் தெம்பு வேண்டுமே. ஓரகத்தி அவளோடு பேசுவதை நிறுத்திப் பத்து நாள் ஆகிறது. எது சொல்வதானாலும் அடுப்பைப் பார்த்தே சொன்னாள். “சில பேருக்கு வீடும் ஒண்ணுதான், ஃபேக்டரியும் ஒண்ணுதான். எங்க பார்த்தாலும் சிவப்புச் சீட்டு.”

வியாழக்கிழமை காலை போர்மேன் வந்தார். வாக்கியத்துக்கு வாக்கியம் ‘சரியா’ போட்டு நிறுத்துகிற மனிதர்.

“நாளைக்குப் பட்டாளத்துக் கொள்முதல் ஆபீசர் வர்றார்க்கா, சரியா? நம்ம ரைஃபிளே போதுமா, வெளிநாட்டுல வாங்கலாமான்னு இழுத்துக்கிட்டு இருக்காங்க, சரியா? இத்தனை ரிஜெக்டுக்கு யாரையாவது காட்டணும். உங்க கொழுந்தனை வேலையை விட்டு நிறுத்துற லெட்டர் டைப் ஆயிடுச்சு, சரியா?”

“இதுல எதுங்க சரி?”

அவர் சிரிக்கவில்லை. “ஆபீசருக்குக் காட்ட அந்த அலமாரி பேரலைத் துடைச்சு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அலமாரிக் குழல் வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கென்று வைத்தது. நான்கு வருஷத்துக்கு முன் அவளே அளந்து, அவளே முத்திரை குத்தியது. ஒரு குண்டுகூட அதன் வழியே போனதில்லை. அவள் தூசி தட்டினாள். கை பழக்கத்தில் நோகோவை எடுத்தது, துணியால் இரண்டு தரம் துடைத்தது, துளையில் வைத்தது.

சர்ரென்று உள்ளே போய்விட்டது.

அவள் உருவி மறுபடி விட்டாள். மறுபடியும் போனது. சும்மா அலமாரியில் படுத்திருக்கிற குழலின் துளை எப்படி அகலமாகும்? அப்படியானால் தண்டுதான் இளைத்திருக்கிறது.

அவள் கையில் இருந்த துணியைப் பார்த்தாள். ஆலை கொடுக்கிற துணி முரடு, தண்டில் கீறல் விழும் என்று அவளுக்குப் பயம். கொழுந்தன்தான் தன் மெஷின் பக்கத்திலிருந்து மெத்தென்ற பனியன் துணியை மண்ணெண்ணெயில் அலசி, திங்கட்கிழமைதோறும் அண்ணிக்கென்று கொண்டுவந்து கொடுப்பான். பார்க்க வெள்ளையாக இருக்கும். விரல் நடுவே வைத்துத் தேய்த்தாள். நறநறத்தது. எஃகையே தேய்க்கிற மெருகுப் பொடி. ஒவ்வொரு குழலுக்கும் முன்னால் இரண்டு தரம், பின்னால் இரண்டு தரம் துடைத்துத் துடைத்து, அவளே தேய்த்திருக்கிறாள். ‘கோ’ தண்டு போன வாரம்தான் புதிதாக வந்தது, அது தப்பித்தது. மாதாமாதம் சரிபார்க்க அனுப்ப வேண்டிய நோகோவை, வேலை நின்றுவிடும் என்று மூன்று மாதமாக அனுப்பவே இல்லை.

அவள் சொன்னதைக் கேட்டதும் போர்மேன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “நல்லதாப் போச்சு. ஸ்டோர்ல புது நோகோ இருக்கு. நாற்பத்தொண்ணையும் திரும்ப அளந்து பாஸ் பண்ணிடுங்க. காரணம், ‘மெஷின் பழுது, திரும்ப மெருகு போட்டாச்சு’ன்னு எழுதிடுங்க. உங்க பேர் வெளிய வராது, சரியா?”

“அவன் லெட்டர்?”

“அது... அது போகட்டும்கா. சின்னப் பையன்தானே, வேற எங்கயாவது பார்த்துப்பான்.”

“அவனுக்கு முப்பத்தெட்டு வயசு.”

அவளுக்கு ரொம்பவும் அசதியாக இருந்தது. சண்டை போடக்கூடத் தோன்றவில்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்புச் சீட்டை எடுத்தாள். பொருள்: நோகோ தண்டு. குறை: தேய்மானம். காரணம் என்ற இடத்தில், ‘நான் அழுக்குத் துணியால் துடைத்தது, மூன்று மாதம் சரிபார்க்காதது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நூலைத் தண்டில் கட்டி போர்மேன் கையில் கொடுத்தாள். அவர் வாயிலிருந்து ஒரு ‘சரியா’கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை புது நோகோ நாற்பத்தொரு குழல்களின் வாசலிலும் நின்றது. ஆபீசர் தலையையும் ஆட்டவில்லை, மறுக்கவும் இல்லை, எழுதிக்கொண்டு போனார். கொழுந்தனின் லெட்டரைக் கிழித்தார்கள். அவளுடைய முத்திரை உளியை வாங்கிக்கொண்டு, திங்கள் முதல் பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிற பகுதிக்குப் போகச் சொன்னார்கள்.

சாயங்காலம் கொழுந்தன் சமையலறை வாசலில் நின்றான். “துணி நான் குடுத்ததுதானே அண்ணி. என் பேரையும் எழுதியிருக்கலாமில்ல?”

“சீட்டுல இடம் இல்லப்பா” என்றாள் அவள், கழுவின டம்ளரைத் துடைத்தபடி. உள்ளே இரண்டு தரம், வெளியே இரண்டு தரம்.

ஓரகத்தி அடுப்பைப் பார்க்கவில்லை. நேராக அவளைப் பார்த்தாள். கையை நீட்டி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“போதும் விடுங்கக்கா. இதுவும் தேஞ்சிடப் போகுது.”