கவிழ்த்து வைத்த உப்புக் கிண்ணம்

சைனம்பு கோபக்காரிதான். யார் இல்லை என்றது? கோபப்படாமல் ஒரு கல்யாணத்துக்குப் பிரியாணி ஆக்கிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம்.

அவள் புருஷன் மீரான் பேகம்பூர்ப் பக்கம் பேர்போன பண்டாரி, கல்யாணப் பிரியாணி ஆக்குகிறவர். அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்ட பிறகு கரண்டி இவள் கைக்கு வந்தது. பொம்பளை பிரியாணி தேக்சாவை இறக்குவாளா என்று தெருவே உதட்டைப் பிதுக்கியது. அடுத்த தெரு ரஃபியாவின் நிக்காஹ்தான் இவள் பேரில் வந்த முதல் பெரிய சமையல். இதில் சறுக்கினால் இனி ஒருத்தரும் கூப்பிடப்போவதில்லை.

உப்பை மட்டும் பண்டாரியைத் தவிர யாரும் தொடக்கூடாது. பிஸ்மி சொல்லிப் போட்டதும் கிண்ணத்தை அடுப்போரம் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்ந்திருந்தால் போட்டாயிற்று, நிமிர்ந்திருந்தால் போடவில்லை. அடுப்படியில் ஆளாளுக்கு எதையாவது கேட்டபடி இருப்பார்கள், அதனால்தான் இந்த ஏற்பாடு.

அன்றைக்கும் போட்டாள், கவிழ்த்தாள். பொண்ணுக்கு அண்ணன் இஷாக் செல்போனோடு வந்து நின்றான்.

"அக்கா, உப்புப் போடுறது வீடியோவுல சரியா விழல. இன்னொருக்கா போடுற மாதிரி காட்டுங்க."

"போய்யா அங்கிட்டு. வேலை கிடக்கு."

"செத்த நேரந்தான்க்கா. மசாலா ரகசியமாவது சொல்லுங்க. மீரான் மாமா கத்துக்குடுத்தாரா, நீங்களா..."

"இஷாக்கு, இந்தக் கரண்டி சூடா இருக்கு. தெரியும்ல?"

அவன் சிரித்தான். வெங்காயம் பத்தவில்லை என்று அந்தப் பக்கம் ஒரு குரல். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கிண்ணம் நிமிர்ந்து, நிறைய உப்போடு இருந்தது. போட்டோமா இல்லையா? இவன் தொணதொணத்ததில் மனசு கலங்கிக் கிடந்தது. கிண்ணத்தை நம்பினாள். போட்டாள்.

இஷாக் துள்ளினான். "சூப்பர்க்கா! வீடியோவுக்காக நாந்தான் ரொப்பி வச்சேன்."

சைனம்பு சாற்றை உள்ளங்கையில் விட்டு நக்கினாள். நாக்கில் வைக்க முடியாத கரிப்பு.

"ஏலே, உன் தங்கச்சி கல்யாணச் சோத்துல மண்ணைப் போட்டுட்டியேடா! நான் ஆக்க வந்தேனா, உனக்குக் கூத்துக்கட்ட வந்தேனா?"

போனைப் பிடுங்கினாள். அடுப்போரம் தரையில் வைத்து, அதே கிண்ணத்தை அதன் மேல் கவிழ்த்தாள்.

"அக்கா, சூட்டுல..."

"வேகட்டும். உக்காந்து இஞ்சித் தோலைச் சீவு. வாயைத் திறந்தே, நீயும் தேக்சாவுக்குள்ளதான்."

அரிசி இன்னும் விழவில்லை, அதனால் பிழைத்தது. பாதிச் சாற்றை மொண்டு கொட்டினாள். அம்புட்டும் விடியக்காலையிலிருந்து அரைத்து வதக்கிய மசாலா. வெந்நீர் ஊற்றி, இஞ்சி பூண்டை மறுபடி வதக்கிச் சேர்த்து, ருசி பார்த்து, சீரகச் சம்பாவைப் போட்டாள். தம் ஏறியது. கிண்ணத்துக்கடியில் போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

மூடி திறந்ததும் ரஃபியாவின் அத்தா ஒரு வாய் தின்று பார்த்தார்.

"மீரான் கை அப்படியே இருக்கு."

"இது என் கை" என்றாள் வெடுக்கென்று.

அவர் இன்னொரு வாய் எடுத்துக்கொண்டார். "சரிம்மா, உன் கைதான். பெருநாள் கழிச்சு என் தம்பி வீட்டுலயும் ஒரு கல்யாணம் இருக்கு."

"வாரேன். உங்க மகனை மட்டும் அடுப்படிப் பக்கம் விடாதீங்க."

இஞ்சிக்கு இனி வேலையே இல்லை. இஷாக் இன்னும் சீவிக்கொண்டிருந்தான். போனை எடுத்துக்கொள் என்று அவள் சொல்லவில்லை.