காந்தம் போடாமலே மூணு வளையம்

இல்ல ராதா, காந்தம் வெளிச்சத்தைப் பிரிக்கும். மாமியார் பேச்ச நம்பாட்டி போ, யுனிவர்சிட்டி ஃபிஸிக்ஸ் லேப்ல அசிஸ்டன்டா இருபது வருஷம் இதத்தான் பாத்தேன். லேப் வேலைன்னா, பாக்குறது அடுத்தவங்க, கால்வலி நமக்கு. பக்கத்து ஆளு வேலையயும் சேத்து இழுத்தவங்களுக்கு இது புரியும்.

ஒண்ணு மூணாகும்

ரெண்டு காந்த முனைக்கு நடுவுல கேட்மியம் விளக்கு. டெலஸ்கோப்ல பாத்தா செவப்பு வளையம் வளையமா தெரியும். காந்தத்துக்கு கரண்ட் ஏத்துனா ஒவ்வொரு வளையமும் மூணாப் பிரியும். அணுவுக்குள்ள எலக்ட்ரான் நிக்கிற படி இருக்குல்ல, அது கொஞ்சம் மேலயும் கீழயும் நகருது, அதான். கரண்ட எறக்குனா திரும்ப ஒண்ணு. இதையெல்லாம் செட் பண்றவரு எங்க சீனியர் மாணிக்கம் அண்ணன். டெலஸ்கோப்ல கண்ண வச்சதுமே சரி பாத்துடுவாரு. ஒரு ஸ்டூடன்ட் பொண்ணு பாத்துப் பாத்து அலுத்துப்போயிட்டா. "சார், எனக்கு ஒண்ணுதான் தெரியுது லா. உங்க கண்ண வாடகைக்குக் குடுங்க."

தேக்கா மீன்

அப்பவே நான் யோசிச்சிருக்கணும். ஒரு ஞாயித்துக்கிழமை தேக்கா மார்க்கெட்ல அண்ணனப் பாத்தேன். நான் போனது முருங்கைக்கீரைக்கு, அது கெடைக்கல, அது வேற கதை. அண்ணன் ஒவ்வொரு மீனா தூக்கி மூக்குக்கிட்ட வச்சு மோந்து பாக்குறாரு. செவுள் நெறத்த மட்டும் பாக்கவே இல்ல. மீன்காரன் விட்டானா? "அண்ணே, மீன் வாங்குறீங்களா, கொஞ்சுறீங்களா?" நானும் சேந்து சிரிச்சேன்.

மீட்டர் சைபர்ல

மறுவாரம் காலையில அண்ணன் டெலஸ்கோப்ல குனிஞ்சாரு. "அழகா மூணு. பசங்கள வரச் சொல்லு"ன்னாரு. நான் காந்தத்தோட கரண்ட் மீட்டரப் பாத்தேன். சைபர். என் சாவிக்கொத்தை ஒருதடவ காந்தம் இழுத்ததுலேர்ந்து, கடைசியாத்தான் சுவிட்ச் போடுவேன். அன்னைக்கு இன்னும் போடவே இல்ல. கதவச் சாத்திட்டு, "அண்ணே, என்ன தெரியுது?"ன்னு கேட்டேன். அண்ணன் டெலஸ்கோப்ப விட்டு நிமிந்தாரு. "செவப்பா ஒரு பொகை. சொல்லிடாத சரோ. ரிட்டையராக ரெண்டு வருஷந்தான். கண் டாக்டர்கிட்ட போனா லெட்டர் ஆஃபீஸ் வரைக்கும் போகும்."

மேசையில மூணு தட்டு

சொல்லல. ரெண்டு வருஷமும் நானே பாத்தேன். மூணாப் பிரிஞ்சா மேசையில மூணு தட்டு தட்டுவேன், அண்ணன் பசங்கள கூப்பிடுவாரு. ஒருத்தருக்கும் தெரியாது. ரிட்டையரான அன்னைக்கு கேக் வெட்டுனோம், கை தட்டுனோம். அடுத்த மாசம் அவரு மக கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போச்சு. நானும் போனேன். கண்ணுல அழுத்தமாம். "ரெண்டு வருஷம் முன்னாடி வந்திருந்தா மிச்சத்தக் காப்பாத்தியிருக்கலாம், போனது வராது"ன்னுட்டாரு டாக்டர். வெளிய வந்து பெஞ்சுல உக்காந்தோம். அண்ணன் என் கையத் தேடிப் புடிச்சாரு. "உன்மேல தப்பில்ல சரோ. நீ ரொம்ப நல்லா தட்டுன."

கரண்ட எறக்குனா மூணும் ஒண்ணாயிடும்னு இருபது வருஷம் பாத்தவளுக்கு, எல்லாமே அப்படித் திரும்பிடும்னு ஒரு நெனப்பு.

லிஃப்ட் சத்தம் கேக்குது, அண்ணன் வர்ற நேரம். ராதா, காரிடார்ல கெடக்குற அந்த ஸ்டூல உள்ள எடுத்துட்டு வாம்மா, சீக்கிரம்!