ஒற்றைக்காது மாடசாமியின் கத்தி

பசுபதிக்குத் ‘தெரியாது’ என்று சொல்ல வராது. கப்பல் கம்பெனியில் கிளார்க்காக இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். யார் எதைக் கேட்டாலும் அவரிடம் ஒரு பதில் தயாராக இருக்கும். சரியா தப்பா என்பதெல்லாம் அப்புறம். “வானத்துல எத்தனை நட்சத்திரம்னு கேட்டாக்கூட இவரு ஒரு நம்பர் சொல்லுவாரு லா” என்று அவர் மனைவி பூரணம், வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

ஓய்வு பெற்றதும் இந்தக் குணத்துக்கு ஒரு வேலையும் கிடைத்துவிட்டது. லிட்டில் இந்தியாவைச் சுற்றிக்காட்டும் தொண்டூழியராகச் சேர்ந்தார். சனிக்கிழமை காலை தெம்பனிஸில் ரயிலேறி வந்து, தலையில் தொப்பியும் காதோரம் மைக்குமாக, பூக்கடை, நகைக்கடை, கோயில் என்று கூட்டத்தை அழைத்துப் போவார். ஆனால் மற்றவர்கள் சொல்லும் கதையையே தானும் சொன்னால் பசுபதிக்கு என்ன மரியாதை? தனக்கென்று ஒன்று வேண்டுமென்று தேடினார். ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பின்னால், ஒரு புல்வெளியில் அது கிடைத்தது.

அங்கே பழைய அத்திமரம் ஒன்று நிற்கிறது. அடிமரத்தில், நெஞ்சு உயரத்தில், யாரோ எப்போதோ செதுக்கிய ஓர் உருவம். நான்கு மூலையும் இழுத்துவிட்ட ஒரு கட்டம், அதிலிருந்து கீழே இறங்கும் நீளமான கோடு. மரம் பருக்கப் பருக்க அதுவும் அகன்றுபோய், அலகு மேலே தூக்கிய கத்தி மாதிரி ஆகியிருந்தது.

பசுபதிக்கு உடனே ஒற்றைக்காது மாடசாமி ஞாபகத்துக்கு வந்தான். இந்த வட்டாரமெல்லாம் மாட்டுக்கொட்டகையாக இருந்த காலத்துக் கொள்ளைக்காரன். முதலாளிகளிடம் பறித்து மாட்டுக்காரர்களுக்குக் கொடுப்பானாம். போலீஸ் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு, ஒளிந்த இடத்தில் கத்தி ஒன்றைச் செதுக்கிவைத்துப் போவானாம். சின்ன வயதில் கோப்பிக்கடையில் பெரியவர்கள் பேசக் கேட்டது. “ஒருவேளை இது அவன் செதுக்கினதா இருக்கலாம்” என்றுதான் முதல் தடவை சொன்னார். கூட்டம் வாயைப் பிளந்தது. அடுத்த சனிக்கிழமை அந்த ‘ஒருவேளை’ காணாமல் போயிற்று.

ஒரே ஓர் இடைஞ்சல் இருந்தது. கோட்டின் அடியில் சின்னதாக ஒரு உருவம். குச்சிக் கை, குச்சிக் கால், பாவாடை. “அது யாரு?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். மாடசாமியின் மகள் என்று ஒரு வாரம் சொன்னார், காதலி என்று மறுவாரம் சொன்னார். இரண்டுக்கும் சிரித்தார்கள். பெயர்போன கொள்ளைக்காரனின் கத்திக்குக் கீழே இவளுக்கு என்ன வேலை? பிற்காலத்தில் எவனோ வேலையற்றவன் கிறுக்கியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். ஒருநாள் விடிந்ததும் விடியாததுமாக உளியும் கம்பி பிரஷ்ஷும் கொண்டுபோய் அவளைச் சுரண்டி எடுத்தார். புதுக்காயம் தெரியாமலிருக்கக் கோப்பிச் சக்கையை அள்ளித் தேய்த்தார். சுத்தம் செய்கிறோம் என்றே நினைத்துக்கொண்டார் மனிதர்.

அதன்பிறகு கதை நன்றாகவே ஓடியது. யாரோ அதை வீடியோ எடுத்துப் போட, கைபேசி கைபேசியாகப் பரவியது.

அதைப் பார்த்துவிட்டுத்தான் பிடோக்கிலிருந்து ருக்சார் வந்தார். எழுபதைத் தாண்டிய அம்மா. மகன் அதீஃபின் கையைப் பிடித்துக்கொண்டு முழு நடையும் நடந்தார். மாடசாமி கதையையும் பொறுமையாகக் கேட்டார். கூட்டம் தேத்தண்ணி குடிக்கக் கலைந்ததும் பசுபதியின் பக்கத்தில் வந்தார்.

“தம்பி, தப்பா நினைக்காதீங்க. அது கத்தி இல்ல, பட்டம். எங்க ஸைஃப் நானா செதுக்கினது.”

நானா என்றால் அவருடைய அண்ணன். இந்த மரத்துக்குப் பின்னால்தான் அப்போது அவர்கள் குடியிருந்தார்களாம். பட்டம் என்றால் ஸைஃபுக்கு உயிர். கப்பல் வேலைக்குக் கிளம்புவதற்கு முதல்நாள், அழுதுகொண்டிருந்த தங்கச்சிக்காக இதைச் செதுக்கியிருக்கிறார்.

“கீழ நூலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நான். எனக்கு அப்ப ரெட்டைப் பின்னல். நானா ஒண்ணுதான் போட்டிருந்தாரு. இது நானே இல்ல, நீங்க போய்த் தொலைங்கன்னு கத்திட்டேன். காலையில கிளம்புறப்ப இன்னொண்ணையும் போட்டுடறேன், வந்து பாருன்னாரு. கோபத்துல நான் போகவே இல்ல. அந்தக் கப்பல் திரும்பி வரல. நானா கிளம்பின அன்னிக்கே நாங்களும் மலாக்காவுக்குப் போயிட்டோம். வீடெல்லாம் இடிச்சப்பவே மரத்தையும் வெட்டியிருப்பாங்கன்னு நினைச்சேன்.” ருக்சார் மூச்சு வாங்கினார். “நானா வந்து அந்தப் பின்னலைப் போட்டிருந்தா, எம்மேல கோபம் இல்லாமத்தான் போயிருக்காரு. அதை மட்டும் பாத்துட்டுப் போயிடறேன்.”

சொல்லிக்கொண்டே பட்டத்தைத் தொட்டார். விரல் நூல் வழியே மெல்ல இறங்கி, அது முடிந்த இடத்தில் வெறும் பட்டையில் நின்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தடவிப் பார்த்தார்.

“மரம் மூடிடுச்சும்மா. எத்தனை வருஷம் ஆச்சு” என்றார் அதீஃப்.

ருக்சார் பசுபதியைத் திரும்பிப் பார்த்து, “அப்படியும் ஆகுமா தம்பி?” என்று கேட்டார்.

“ஆகும்க்கா” என்றார் பசுபதி. “மரம்னா அப்படித்தான்.”

அன்று மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். பூரணம் இரண்டு முறை கேட்ட பிறகு எல்லாவற்றையும் கொட்டினார். உளி, பிரஷ், கோப்பிச் சக்கை, கடைசியில் சொன்ன பொய். பூரணத்துக்குச் சிரிப்பு வரவில்லை.

“அந்தம்மாவை மரத்தடியில நிக்க வச்சே ஏமாத்திட்டு வந்திருக்கீங்க” என்றார். “நடைக்குப் பேர் பதிஞ்சப்ப குடுத்த நம்பர் இருக்கும்ல, அவங்க மகனுக்குப் போன் போடுங்க. நாளைக்குப் போறோம்.”

மறுநாள் பிடோக் போகும் ரயிலில் பசுபதிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எத்தனை பேரை அந்த மரத்தின் முன்னால் நிறுத்திக் கைதட்டு வாங்கியிருக்கிறோம்! ஒரு பையன் தன் தங்கச்சிக்காகச் செதுக்கியதை, தன் பேச்சு எடுபட வேண்டும் என்பதற்காக அழித்தாயிற்று. மாடசாமியாவது பணக்காரனிடம்தான் பறித்தான்.

ருக்சார் வீட்டில் பால் விட்டு ரோஸ் பண்டோங் கலக்கிக் கொடுத்தார்கள். பசுபதி குடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒன்றுவிடாமல் சொன்னார். “மரம் மூடலக்கா. நாந்தான் சுரண்டினேன்.”

அதீஃப் விருட்டென்று எழுந்தார். “என்ன மனுஷன் நீங்க?” ருக்சார் மகனின் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் முகத்தில் கோபத்தையே காணோம். பசுபதி எதிர்பார்த்து வந்தது கோபத்தைத்தான். அந்த அம்மாவோ நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

“அப்ப நீங்க அவளைப் பாத்திருக்கீங்க.”

“பாத்தேன்க்கா.”

“கிட்டத்துல பாத்திருப்பீங்களே. சொல்லுங்க தம்பி, பின்னல் ஒண்ணா, ரெண்டா?”

பசுபதி கண்ணை மூடினார். பாவாடை ஞாபகம் இருந்தது. உளி வழுக்கியது, சட்டைக் கையில் மரத்தூள் ஒட்டியது, யாராவது வருகிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தது, எல்லாம் இருந்தது. தலை மட்டும் இல்லை. வாரா வாரம் கைநீட்டிக் காட்டினாரே ஒழிய, ஒருநாளும் அந்தப் பெண்ணை நின்று பார்த்ததில்லை. ரெண்டு என்று சொன்னால் போதும். அந்த அம்மாள் சாகும்வரை நிம்மதியாக இருப்பார். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எதிரே ருக்சார் ஒரு குழந்தையைப்போல அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பூரணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தெரியலைக்கா” என்றார் பசுபதி.

ருக்சாருக்கு அது காதில் ஏறவே இல்லை. “அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி” என்று பண்டோங் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். “குடிச்சிட்டு, நல்லா யோசிச்சுப் பாருங்க.”