மேம்பாலம் இல்லாத நிலையம்

மகளும் நானும் புனே லோக்கலில் வந்து இந்தச் சின்ன நிலையத்தில் இறங்குகிறோம். மேம்பாலம் கிடையாது. வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் தண்டவாளத்தில் இறங்கித்தான் சாலைக்குப் போகிறார்கள். இறங்கப்போன மகளை நான் பின்னுக்கு இழுத்த கணத்தில் எக்ஸ்பிரஸ் ஒன்று கடந்துபோகிறது. அவளைப் பெஞ்சுப் பக்கம் கூட்டிவருகிறேன்.

அங்கே பேப்பர் படிக்கும் உள்ளூர்த் தமிழர் ஒருவர் சொல்கிறார்: "மும்பைக்குப் புல்லட் டிரெயின் விடப்போறாங்களாம் சார். ஏக்தம் ஃபாஸ்ட், அவ்ளோ வேகம்."

"கோடி கோடியா கொட்டுறவங்க இங்க ஒரு பாலம் கட்டக்கூடாதா?"

"அட, அதைக் கேட்டுக் கேட்டே எங்கப்பா ரிடையராயிட்டாரு. இப்ப நான் கேக்கறேன்."

மகளை அவள் வேலை பார்க்கும் இந்த ஊரில் விட்டுவிட்டு இன்று மாலை நான் கோவைக்குத் திரும்புகிறேன். அவள் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கி முடிந்துகொள்கிறாள். "தினமும் இப்படித்தான்ப்பா, பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தண்டவாளத்தில் இறங்குகிறாள்.