ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு கோல்ஃப் ஆட்டம்

போன வருடம் ஆடி மாதம். பெங்களூரில் சூரியனையே பார்க்க முடியாமல் பல நாட்களாகத் தூறிக்கொண்டிருந்தது. ஒயிட்ஃபீல்டில் எங்கள் அபார்ட்மெண்டுக்குச் சற்றுத் தள்ளியிருக்கும் ஒரு பெரிய மருத்துவமனையில் என் மூன்று வயது மகளுக்கு ஹெர்னியா ஆபரேஷன். இடது பக்கம், தொடையும் வயிறும் சேரும் இடத்தில், அவள் வீறிட்டு அழும்போது மட்டும் எலுமிச்சம்பழம் போல ஒன்று புடைக்கும். அழுகை நின்றால் உள்ளே போய்விடும். குடல் மாட்டிக்கொண்டால் ஆபத்து, தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

கணவர் ஆபீஸ் வேலையாக ஜெர்மனியில் இருந்தார். அதனால் தேதியை நான்தான் முடிவு செய்தேன். வேலூரில் இருக்கும் மாமியாருக்கு ஃபோன் செய்தபோது, "ஆடியிலயா கத்தி வைக்கணும்? அவன் வந்தப்புறம் பாத்துக்கக் கூடாதா?" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "சரி, நீ படிச்சவ. உனக்குத் தெரியாததா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். அந்தக் கடைசி வார்த்தைதான் தூங்கவிடவில்லை.

எதையும் ஒருமுறை செய்துவிட்டு நிம்மதியாக இருக்கத் தெரியாதவள் நான். கேஸை மூடினேனா என்று லிஃப்ட் வரை போய்த் திரும்பி வருவேன். அன்று காலையும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படித் திரும்பினேன். மூடித்தான் இருந்தது.

தியேட்டர் வாசலில் ஒரு சிஸ்டர் குழந்தையை வாங்க வந்தார். கன்னடக்காரர். மகள் அவரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு உதைக்க ஆரம்பித்தாள். நான் காலைப் பிடிக்க, அவர் இடுப்பைப் பிடிக்க, இரண்டு பேராலும் அடக்க முடியவில்லை. சிஸ்டர் மூச்சு வாங்கச் சிரித்தபடி என்னைப் பார்த்து, "பல அல்வாம்மா?" என்றார்.

எங்கள் அபார்ட்மெண்டில் கன்னடம் காதில் விழுவதே அபூர்வம். 'அல்வா' என்றால் 'இல்லையா' என்பது மட்டும் தெரியும். குழந்தைக்குப் பலம் அதிகம், இல்லையா என்று கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த கன்னடத்தைத் திரட்டி, "ஹௌது சிஸ்டர், தும்ப" என்றேன். ஆமாம், ரொம்ப என்று அர்த்தம். அவர் ஒரு கணம் என்னைப் புரியாமல் பார்த்தார். அதற்குள் மகள் இன்னொரு உதை விட்டாள். கதவு மூடிக்கொண்டது. அவள் "அம்மா" என்று கத்தியது கதவுக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

தியேட்டருக்கும் ஐ.சி.யூ.வுக்கும் காத்திருப்பவர்கள் உட்கார ஒரே ஹால்தான். ஒரே கம்பியில் கோர்த்த ஸ்டீல் நாற்காலிகள். உட்கார்ந்து கணவருக்குத் திரும்பத் திரும்ப ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. ஆடிக்குப் பிறகு வைத்துக்கொண்டிருக்கலாமோ? மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால்?

"மேடம்" என்றார் பக்கத்து நாற்காலியில் இருந்தவர். "உங்க கால் ஆடுனா எனக்கும் சேத்து ஆடுது. ஒண்ணு நிறுத்துங்க, இல்ல சொல்லுங்க, ரெண்டு பேரும் ஒரே தாளத்துல ஆட்டலாம்."

நாற்பத்தைந்து வயது இருக்கும். மழைக்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். நான் மன்னிப்புக் கேட்டு, குழந்தை உள்ளே இருக்கிறாள் என்றேன். அவர் தலையாட்டினார். அவர் கையில் இருந்த ஃபோனில் ஒரு படம். பச்சைப் புல்வெளி, அதை ஒட்டிக் கடல். ஏதாவது பேச வேண்டுமே என்று, "ரிசார்ட்டா சார்?" என்றேன்.

"கோல்ஃப் கோர்ஸ். வருஷா வருஷம் நானும் ஒய்ஃபும் போவோம். இந்த டிசம்பருக்கும் புக் பண்ணியாச்சு." பிறகு ஐ.சி.யூ. பக்கம் கையைக் காட்டி, "அவ உள்ள இருக்கா" என்றார்.

என்ன உடம்பு என்று நான் அப்போது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் தியேட்டர் கதவைப் பார்த்தேன்.

"கோல்ஃப் தெரியுமா?"

"டிவியில கூடப் பாத்ததில்ல."

"நல்லதாப் போச்சு. தெரிஞ்சவங்க குறுக்க பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு அவர் ஆரம்பித்தார். சின்னப் பந்து, ரொம்ப தூரத்தில் ஒரு சின்னக் குழி, குறைந்த அடியில் உள்ளே போட வேண்டும், அப்படிப் பதினெட்டுக் குழிகள், அவ்வளவுதான் ஆட்டம் என்றார். அந்தக் கடலோர மைதானத்தில் ஒவ்வொரு குழியையும் எப்படி ஆட வேண்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார். தாத்தா காலத்திலேயே பெங்களூருக்கு வந்துவிட்ட தமிழ்க் குடும்பம். மனைவி கன்னடக்காரர், கடற்கரைப் பக்கத்து ஊர். ஆட்டத்தில் அவர்தான் கெட்டிக்காரராம். இவர் வெறும் துணைக்குப் போகிறவராம்.

முதல் குழி நேராக, அகலமாக, கடலே தெரியாமல் இருக்குமாம். அதனாலேயே எல்லோரும் ஓங்கி அடித்து முதல் பந்தையே தொலைப்பார்களாம். "அங்க சின்ன மட்டைதான் எடுக்கணும். நான் பெருசத் தொட்டேன்னா, 'யாக்ரீ, யார் மேலே கோபா?'ம்பா. யார் மேல கோபம்னு கேக்கறா. நாலு பேர் முன்னாடி மானம் போயிடும்."

இரண்டாவது குழியில் கொடி அசையாமல் தொங்குமாம். காற்றே இல்லை என்று நம்பிவிடக் கூடாது. கொடி பள்ளத்தில் இருக்கிறது. மேலே சவுக்கு மர நுனியைப் பார்க்க வேண்டும். பந்து போகப்போவது அந்த உயரத்தில்.

மூன்றாவதில் இடது பக்கம் முழுக்கக் கடல். பயந்தவர்கள் கடலை விட்டு விலக்கி அடிப்பார்கள். பகலில் காற்று கடலிலிருந்து வருவதால் அது பந்தை இன்னும் தள்ளிக்கொண்டு போய்ச் சவுக்குத் தோப்புக்குள் போட்டுவிடும். தைரியமாகக் கடலைப் பார்த்து அடித்தால் காற்றே பந்தைத் திருப்பிக் கொண்டுவந்து புல்லில் வைக்குமாம்.

"நீங்க கடலைப் பாத்து அடிப்பீங்களா?" என்றேன்.

"நானா? தோப்புக்குள்ள எனக்குத் தெரியாத மரமே இல்ல."

சிரித்தேன். தியேட்டர் வாசலில் சிரிக்கிறோமே என்று உடனே குற்ற உணர்ச்சி வந்தது. அவரும் சிரித்தார். சிரிக்கும்போதும் ஐ.சி.யூ. கதவு திறக்கும் சத்தம் கேட்டால் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் பார்ப்பார். மூடியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

நடுவே கடல் உள்ளே புகுந்து வரும் ஒரு குழி. ஒரே அடியில் தாண்டிவிடலாம் போலத் தோன்றுமாம். தாண்டப் பார்க்கக் கூடாது. தண்ணீருக்கு முன்பே நிறுத்தி, அடுத்த அடியில் தாண்ட வேண்டும். "ஒரு அடி கூடுதலா ஆனா ஆகட்டும், பந்து கைல இருக்கும்" என்றார். தேதி முடிவு செய்ததில் நான் தாண்டப் பார்த்தேனா, நிறுத்தி அடித்தேனா என்று என் மனது அதையும் விடாமல் பிடித்துக்கொண்டது.

கடைசிப் பகுதிக்கு வந்தார். அந்தக் குழிகளை அடையும்போது சாயங்காலம் ஆகிவிடுமாம். காற்று மாறி, தரையிலிருந்து கடலுக்கு வீச ஆரம்பிக்கும். பகல் காற்றுக்குச் சொன்னதெல்லாம் அப்போது தலைகீழ். "அங்கேயும் இந்தப் பக்கம் கடல்தான்" என்று இடது கையை நீட்டினார். "நான் பழைய ஞாபகத்துல கடலப் பாத்து நிப்பேன். பின்னாடியிருந்து கத்துவா, 'ஏய், பலக்கே ஹொடீரி, பலக்கே ஹொடீரி'ன்னு. ஹொடீரின்னா அடிங்க."

இத்தனை நேரம் ஓங்கி அடிக்காதே என்று சொல்லிவிட்டு இப்போது என்ன இது என்று எனக்குத் தோன்றியது. "மெதுவாத்தானே அடிக்கணும்னு சொன்னீங்க? இங்க மட்டும் எதுக்குப் பலமா?"

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் நாற்காலி வரிசையே குலுங்கச் சிரித்தார். "பலமா இல்ல மேடம்! பல. கன்னடத்துல பலன்னா ரைட்டு. எடன்னா லெஃப்ட்டு. ரைட்டுல அடிங்கன்னு கத்தறா. எத்தன வருஷமா பெங்களூர்ல இருக்கீங்க?"

சிஸ்டர் கேட்டது காதில் திரும்ப ஒலித்தது.

பல அல்வாம்மா. வலது பக்கம்தானே அம்மா. ஹௌது சிஸ்டர், தும்ப.

மயக்கத்தில் குழந்தை அழாது. அழாவிட்டால் புடைப்பு தெரியாது. பெற்ற தாயே சொல்லிவிட்டாள், வலது பக்கம் என்று.

எப்படி எழுந்தேன் என்று நினைவில்லை. "சார், எம்பொண்ணுக்கு லெஃப்ட்டு, நான் ரைட்டுன்னு சொல்லிட்டேன்" என்று ஏதோ உளறினேன். அவர் சிரிப்பு அப்படியே அணைந்தது. "ஓடுங்க" என்றார்.

செக்யூரிட்டி குறுக்கே வந்து, "மேடம், ஒளகே ஹோகோ ஹாகில்லா" என்று உள்ளே விடாமல் தடுத்தார். அவர் கைக்கு அடியில் புகுந்து கதவைத் தட்டினேன். சற்று முன்பு கற்ற சொல்லை வைத்துக்கொண்டு, "எட! எட!" என்று கத்தினேன். மாஸ்க் போட்ட இளம் டாக்டர் ஒருவர் தலையை நீட்டினார். நான் தமிழும் ஆங்கிலமுமாகச் சொன்னதைக் கேட்டுவிட்டு, "ஃபைல்ல லெஃப்ட்னுதானே இருக்கு. ரைட்னு யார் சொன்னது?" என்றார்.

"நான்தான்" என்றேன்.

அவர் சட்டென்று உள்ளே போனார். அந்தக் கதவுக்கு முன்னால் நின்ற நேரத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சுவரில் சாய்ந்தால் ஏதாவது தப்பாகிவிடும் போல, சாயாமல் நின்றேன். பின்னால் ஸ்பீக்கரில் ஐ.சி.யூ. நோயாளி ஒருவரின் உறவினரை உடனே வரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். கன்னடத்தில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு அதே சிஸ்டர் வெளியே வந்தார். "எடனே, எடனே. மார்க் மாடிதீவி. கூத்கொள்ளிம்மா" என்றார். இடதுதான், குறி போட்டிருக்கிறோம், உட்காருங்கள். சர்ஜன் எப்படியும் கத்தியை எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்ப்பார் என்று அந்த இளம் டாக்டரும் பின்னர் சொன்னார். குறியை நான் கதவைத் தட்டுவதற்கு முன்பே போட்டிருந்தார்களா, அதற்குப் பிறகா என்று நான் கேட்கவில்லை. பிறகுதான் என்று பதில் வந்துவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்னால் வாழ முடியாது என்று தோன்றியது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று சொன்ன பிறகுதான் நாற்காலியிலேயே விட்டுவிட்டு ஓடிவந்த என் பையின் நினைவு வந்தது. ஹாலுக்குப் போனேன். அவர் நாற்காலி காலியாக இருந்தது. என் பை செக்யூரிட்டியின் மேசை மேல் இருந்தது. ஐ.சி.யூ.வில் கூப்பிட்டதும் அந்த சார் பையை எடுத்து வந்து கொடுத்து, பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடினார் என்றார் செக்யூரிட்டி. அப்படி ஓடும் நேரத்தில் யாரோ ஒருத்தியின் பையை நினைத்திருக்கிறார்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று விட்டார்கள். மகள் என் தோளில் அரைத்தூக்கத்தில் இருந்தாள். லிஃப்ட் அருகே அவரைப் பார்த்தேன். கூடவே உறவினர்கள் இரண்டு மூன்று பேர். அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் ஒரு நீல ஸ்வெட்டரும் பெண்கள் போடும் ஒரு ஜோடி செருப்பும். யாரும் எனக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

என்னை அவர் கவனிக்கக் கூடாது என்றுதான் முதலில் நினைத்தேன். என் தோளில் குழந்தை இருப்பதே அவருக்குச் செய்யும் கொடுமை போல இருந்தது. ஆனால் அவர் கவனித்துவிட்டார். உறவினர்களை விட்டு என்னிடம் வந்தார்.

"எட பக்கம்தானே பண்ணாங்க?"

"ஆமா சார்."

"நல்லது" என்றார். மகளின் காலில் கழன்றிருந்த சாக்ஸை மேலே இழுத்துவிட்டார். "மழ பெய்யுது. நனைக்காமக் கூட்டிட்டுப் போங்க."

யாரோ "பாரோ" என்று கன்னடத்தில் அவரைக் கூப்பிட்டார்கள். போய்விட்டார். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. லிஃப்ட் கீழே இறங்கும்போது சொல்ல வேண்டியதெல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. திரும்பி மேலே போகலாமா என்று நினைத்தேன். மகள் சிணுங்கினாள். வாடகைக் கார் வந்துவிட்டது என்று ஃபோன் அடித்தது. போகவில்லை.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அதெல்லாம் அவங்க செக் பண்ணாம பண்ண மாட்டாங்க, சும்மா பயப்படாத" என்றார். இருக்கலாம். மாமியாரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

அவர் என்னை அமைதிப்படுத்தத்தான் அத்தனை நேரம் பேசினார் என்று அன்று நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால், அவர் மனைவியின் குரலை விடாமல் பிடித்துக்கொள்ள அவருக்குக் கேட்பதற்கு ஒரு ஆள் தேவைப்பட்டிருக்கிறது என்று படுகிறது. நானோ பாதிக் காதைத்தான் கொடுத்தேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். குளிப்பாட்டும்போது அவளுடைய இடது பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு தழும்பு தெரியும். அதன் மேல் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம், முகம் தெரியாத ஒரு பெண் ஏதோ ஒரு கடற்கரையில் தன் கணவரைப் பார்த்துக் கத்திய குரல் அவருடைய கடைசி நாளில் என்னிடம் வந்து சேர்ந்ததையும், அவரை இழந்துவிட்டு நின்ற மனிதரிடம் ஆறுதலாக ஒரு சொல்கூடப் பேசாமல் என் குழந்தையை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டதையும் நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை.