லேப்டாப்புக்கு வைத்த பொட்டு

ஒன்றரை மணி நேரம் மேசைக்கு அடியில் உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கு உண்டா? எனக்கு உண்டு. மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் ஆம்பூர் வீட்டிலேயே.

வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லை. மகள் நித்யாவுக்கு டெஸ்ட். அவ்வளவுதான்.

நித்யா வேலூரில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் கடைசி வருஷம். பெரிய டெக்னாலஜி கம்பெனிகள் காலேஜிலிருந்தே ஆள் எடுக்கின்றன. முதலில் ஆன்லைனில் ஒரு கோடிங் டெஸ்ட். வீட்டிலிருந்தே எழுதலாம், ஆனால் கம்பெனி கேமரா வழியாகக் கண்காணிக்கும். அதில் தேறினால்தான் இன்டர்வியூ. அதற்காக எட்டு மாசமாய்ப் படித்தாள். தினம் இரண்டு கணக்கு – காட்பாடி போகிற ரயிலில் ஒன்று, திரும்புகிற ரயிலில் ஒன்று. போட்ட கணக்கை இன்டர்வியூவில் வாய்விட்டு விளக்க வேண்டுமாம். பழக ஒரு ஆள் வேண்டுமே? நான் சப்பாத்தி தேய்ப்பேன், அவள் விளக்குவாள்.

"அம்மா, இது ஒரு மரம். வேர் மேல இருக்கும், கிளை கீழ போவும்."

"தலகீழா நட்டா பட்டுப் போய்டாதா?"

"நீ சும்மா உம் கொட்டும்மா, போதும்."

கொட்டினேன். எட்டாவது படித்தவள் வேறென்ன செய்ய?

எனக்கு ஷூ ஃபேக்டரியில் தையல் வேலை. எங்கள் லைனில் வெள்ளிக்கிழமை தோறும் மெஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் பெடலை மிதிப்போம். எங்கே வைப்போம்? நெற்றியில் – ஊசிக்கு நேர் மேலே. பொட்டு வைத்த மெஷின் விரலைக் குத்தாது என்று நம்பிக்கை. குத்தியதும் உண்டு... அது வேறு விஷயம்.

அன்றைக்கு டெஸ்ட் பத்து மணிக்கு. கேமரா, மைக் எல்லாம் சரிபார்த்துவிட்டு நித்யா முகம் கழுவப் போனாள். மேசை மேல் லேப்டாப் திறந்திருந்தது. பூஜை முடித்துக் குங்குமச் சிமிழோடு நான் நின்றேன். இதற்கு நெற்றி எது? தேடவே வேண்டாம். மேலே, நட்டநடுவில், பொட்டு வைக்கவே செய்தது போல ஒரு சின்ன வட்டம். சந்தனம் குழைத்து அப்பி, மேலே குங்குமம் வைத்து, கும்பிட்டுவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

நித்யா ஓடி வந்து உட்கார்ந்தாள். எங்கள் வீட்டில் ஃப்ரிட்ஜுக்கும் பொட்டு உண்டு. இது அவள் கண்ணில் படவே இல்லை.

"அம்மா! முகம் தெரிலன்னு வார்னிங் வருது! கேமராவ இன்னா பண்ண?"

"நான் இன்னா பண்ணேன்? பொட்டுதான் வெச்சேன்."

"அய்யோ... அதாம்மா கேமரா!"

ஓடிப் போய், முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். கண்ணாடி பளிச்சென்று ஆனது. பளிச்சென்று ஆனதில் இரண்டு முகம் தெரிந்துவிட்டது! இரண்டாவது வார்னிங் – அறையில் வேறு ஆள். மூன்றாவது வந்தால் டெஸ்ட்டே மூடிக்கொள்ளும். எட்டு மாச உழைப்பு அதோடு போச்சு.

கதவோ அவள் நாற்காலிக்குப் பின்னால். அந்தப் பக்கம் போனால் கேமராவில் விழுவேன். நித்யா கையை மட்டும் கீழே காட்டினாள். அப்படியே குனிந்து மேசைக்கு அடியில் புகுந்தேன்.

தலைக்கு மேலேயே மைக் இருந்ததால் முருகா என்று வாயைத் திறக்கக்கூட வழியில்லை. உதடு அசையாமல் வேண்டிக்கொள்வது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சாம்பார் அடிபிடிக்கிற வாசனை வந்தது. எழுந்திருக்கவில்லை. கடைக்குப் போய் வந்த என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு, "இந்தம்மா எங்க போச்சு?" என்று சமையல் அறையில் தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தினமும் எட்டு மணி நேரம் ஷூவையே பார்க்கிறவள் நான். அன்றைக்குக் கண்ணெதிரே இருந்தவை என் மகளின் பாதங்கள். முதல் கணக்குக்கு அவை தாளம் போட்டன. மேலே கீபோர்டு சத்தம் மழை மாதிரி. இரண்டாவதுக்குத் தாளம் மெதுவானது. மூன்றாவதுக்கு ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி இறுக்கிக்கொண்டது. விரல்கள் மடங்கின. மேலே சத்தமே இல்லை. டெஸ்ட் முடிகிறவரை இல்லை.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் விஷயம் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "ஷூ மெஷினோட நிறுத்திப்பேன்னு பாத்தா, கம்பெனிக்காரன் கண்ணையே மூடிட்டியே!"

போன வியாழக்கிழமை மெயில் வந்தது. தேர்வாகவில்லை.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் கேட்டே விட்டேன்.

"என் பொட்டாலதானா பாப்பா?"

"அதுல போனது ரெண்டு நிமிஷம்மா. மூணாவது கணக்கு எனக்கு வரல. ரெண்டு மணி நேரம் ஜாஸ்தி குடுத்திருந்தாலும் வந்திருக்காது."

எனக்கென்னவோ கொஞ்சம் ஏமாற்றம்கூட. ஏன் தெரியுமா? பழியிலாவது எனக்கு ஒரு பங்கு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவள் தேறியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? என் பொட்டின் மகிமை என்று லைன் முழுக்கச் சொல்லியிருப்பேன், சந்தேகமே இல்லை. பிள்ளைகள் போடுகிற கணக்கில் நாம் எப்படியாவது ஒரு ஓரத்தில் ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறோம். அதுவும் அவர்களுக்குத் தெரிந்தேதான் இருக்கிறது.

நேற்று இன்னொரு கம்பெனியின் டெஸ்ட். குங்குமச் சிமிழைத் தொடாமல் அடுப்படியிலேயே நின்றேன். பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது குரல் வந்தது.

"அம்மா, பொட்டு வெக்கல?"

போனேன். லேப்டாப்பை மூடி, அதன் முதுகை என் பக்கம் காட்டிக்கொண்டு நின்றாள். "இங்க வை. சின்னதா."

வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, முருகன் கோயில் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கே சத்தமாகவே வேண்டினேன்.

சாமிக்கு எந்தப் பக்கம் வைத்தாலும் தெரியும்... முகம் தெரிய வேண்டும் என்று கேட்பது கம்பெனிதான்!